டாக்டரம்மா சொன்ன எக்சைஸ்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சிவன்மலை ஆண்டவர் சன்னிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். ஈரத்துணியோடு செய்யச் சொன்னால் அப்படியும் செய்யலாம். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. கேட்பவர்கள் நம்ப மாட்டார்களே என்று ஓரிரண்டு இடங்களில் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

திருப்பூரில் பனியனுக்கும் எக்சைஸ் வரி வந்த வருஷம் அது. இரண்டு பேர் நின்று பேசினால் அந்த ஒரு சொல்தான். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி அதுதான்; இழவு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டும் அதுதான். அந்த ஊர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த கிட்டுசாமிக்கோ அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவருக்கு ஊசி என்றால் ஆகாது.

பனியன் கம்பெனிக்காரருக்கு ஊசியைக் கண்டு பயமா என்று சிரிக்க வேண்டாம். அவருடைய நிட்டிங் மிஷின் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் ஊசி உண்டு. உடைந்த ஊசியைக் கழற்றி மாட்டுவார், அதே ஊசியில் காது குடைவார், பல் குத்துவார். ஆனால் ஊசிக்குப் பின்னால் மருந்தும் ஒரு நர்ஸும் வந்துவிட்டால் ஆள் காலி. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆணி குத்திய காலுக்குத் தடுப்பூசி போடப் போய், அங்கேயே மயங்கி விழுந்து, மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு பேர் தாங்கலில்தான் வந்து சேர்ந்தார். ரங்காத்தாள் கழுத்தை நீட்டியது அப்படிப்பட்ட ஆளுக்கு.

சர்க்கரைக்கு மாத்திரை தின்றும் அந்த ஆடி மாதத்தில் அவருக்குத் தாகம் அடங்கவே இல்லை. குடம் குடமாகக் குடித்தார். குடித்ததையெல்லாம் உடனுக்குடன் கொண்டுபோய்க் கொட்டிவிட்டும் வந்தார். உடம்போ ஏற்கனவே பெரிய உடம்பு. கடையில் கிடைக்கும் பனியனில் பெரியது நூற்றுப்பத்து சைஸ். அது அவருக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும். ஆகவே கட்டிங் மாஸ்டர் வெள்ளையன் தனியாக அளவெடுத்து, உலகத்தில் வேறு எங்கும் இல்லாத நூற்றிருபத்தைந்து என்ற சைஸை அவருக்கென்று வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பனியன் ஒன்றுக்குப் போகும் துணியில் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்பு தைக்கலாம் என்பது வெள்ளையனின் அபிப்பிராயம். முதலாளி காதில் விழாத தூரத்தில்தான் சொல்வார்.

டாக்டர் சித்ரகலாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனவள் ரங்காத்தாள். கையில் ரத்தம் எடுத்தபோது கிட்டுசாமி அந்த இடத்தில் இல்லை. அதாவது உடம்பு இருந்தது, நினைவு இல்லை. ரிசல்ட் வந்த அன்று ரங்காத்தாள் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருக்க, அவர் மட்டும் உள்ளே போனார். அங்கேதான் வினை.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கம்பெனி. அதன் ஓவர்லாக் மிஷின்கள் ஓடும்போது டாக்டரம்மா சொல்வதில் ஒரு பங்கு அந்தச் சத்தத்தோடு போய்விடும். ஓவர்லாக் மிஷினுக்குத் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் கத்தி ஒன்று உண்டு. துணியை மட்டும்தான் வெட்டும் என்று இதுவரை நினைத்திருந்தார்கள்.

"கிட்டுசாமிங்க, உங்க மூணு மாசத்துச் சர்க்கரை நெம்ப எச்சா இருக்குது," என்றார் டாக்டரம்மா. "மாத்திரையை மாத்தித் தர்றேன். மாத்திரை மட்டும் பத்தாது. தீபாவளிக்கு முன்னால மறுபடி டெஸ்ட் எடுப்போம். அப்பவும் எறங்கலைன்னா ஊசிதான். இன்சுலின். பெரிய காரியமொண்ணும் இல்ல, எத்தனையோ பேர் போட்டுக்கிட்டு நல்லா இருக்கறாங்க."

'ஊசிதான்' என்பதற்குப் பிறகு சொன்னது எதுவும் கிட்டுசாமிக்குக் கேட்கவில்லை.

"ஊசி வேண்டாம்னா ஒரே வழி, எக்சர்சைஸ்."

இந்த இடத்தில்தான் கீழே யாரோ பெடலை அமுக்கியிருக்க வேண்டும். அந்தச் சொல்லின் நடுவில் இருந்த இரண்டு எழுத்தை ஓவர்லாக் வெட்டி எடுத்துக்கொண்டது.

"எக்சைஸுங்களா?" கிட்டுசாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஆமாங்க. நாளையிலிருந்தே."

"தினமுமுங்களா?"

"தினமும். காலங்காத்தால. ஒரு நாள் தவறப்படாது."

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டுங்களே?"

"அதுக்கு ஏதுங்க லீவு?"

"எத்தன நேரம் இருக்குமுங்க?"

"மொதல்ல அரை மணி நேரம். போகப் போகக் கூட்டிக்குவோம்."

"நான் ஊட்டுலயே இருக்கட்டுங்களா?"

"அய்யோ, ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காது. எந்திரிச்சு வெளிய போயிரோணும். நல்லா வேர்க்கோணும். நெஞ்சு படபடன்னு அடிக்கோணும்."

"இப்பவே அடிக்குதுங்க."

"தனியாப் போனா நாலு நாள்ல விட்டுருவீங்க. உங்க ஏரியாவிலயே ஒருத்தர் இருக்கறாரு. அவரைக் காலையில உங்க பின்னால அனுப்பி வைக்கிறேன்."

கிட்டுசாமி யோசித்தார். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் ஆடிட்டர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ரசத்துக்குப் பிறகு எக்சைஸ்தான் பரிமாறப்படும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆக விஷயம் தெளிவாகிவிட்டது. எக்சைஸ்காரர் தினமும் காலையில் வரப்போகிறார். வீட்டில் இருக்காதே, எழுந்து ஓடிவிடு. மருந்துச்சீட்டு எழுதுகிற சாக்கில் இத்தனை பெரிய உதவி செய்த டாக்டரம்மாவை அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கணக்கில் ஒரு பழுதும் கிடையாது. பழுதில்லாத ஆளுக்குத்தான் பயம் ஜாஸ்தி.

வெளியே வந்து, "ரங்கா, டாக்டரம்மா எக்சைஸ்னு சொல்லிப்போட்டாங்க," என்றார், குரலைத் தாழ்த்தி.

"எங்கிட்ட ரத்தம் எடுத்த அன்னிக்கே சொன்னாங்க. தினமும் காலையில. ஞாயித்துக்கிழமையும்."

"உனக்குமா தெரியும்?"

"ஊருக்கே தெரியுமுங்க. உங்களுக்குத்தான் இப்பத் தெரியுது. ஊசி வந்தா வைக்கோணும்னு பிரிஜ்ஜுல முட்டை வைக்கிற இடத்தை ஒழிச்சு வைக்கப் போறேன். அது காலியாவே கிடக்கட்டும்னு சாமியக் கும்புட்டுக்கங்க."

அன்றிலிருந்து தண்ணீர் எடுக்கப் பிரிஜ்ஜைத் திறக்கும்போதெல்லாம் கதவில் இருந்த அந்தக் காலி இடம் கிட்டுசாமியைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். எக்சைஸைக் கண்டு ஓடலாம். ஊசியை விட்டு ஓட எந்தத் தெருவும் இல்லை.

மறுநாள் விடியலில் கிளம்பினார். காரை எடுத்தால் நம்பர் தெரியும். மொபெட்டை எடுத்தால் சத்தம் கேட்கும். செருப்புக்கு நம்பரும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆகவே நடந்தார். தெருமுனைக்குப் போவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. கரண்டு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பின்னால், "அண்ணாச்சி!" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தார். சபாரி சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு மஞ்சப்பை. எக்சைஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பேச்சிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். போன வாரம்தான் பக்கத்துக் கம்பெனி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியதைக் கிட்டுசாமியே பார்த்திருந்தார்.

"கிட்டுசாமி அண்ணாச்சிதானே? செத்த நில்லுங்க. டாக்டரம்மா சொன்னாவ..."

டாக்டரம்மா வாக்கு பலித்துவிட்டது. கிட்டுசாமி கம்பத்தை விட்டார். அந்த உடம்பு அப்படி ஒரு வேகத்தில் போனதை அதற்கு முன் அந்தத் தெரு பார்த்ததில்லை. பேச்சிமுத்துவும் உடம்பில் குறைந்தவர் அல்ல, ஆனாலும் விடவில்லை. மஞ்சப்பை ஆட ஆட, "அண்ணாச்சி, அண்ணாச்சி!" என்று பின்னாலேயே வந்தார். அந்தப் பைக்குள் நோட்டீஸ் இருக்கிறது என்று கிட்டுசாமி முடிவு கட்டினார்.

அன்று ஆரம்பித்தது. மழையானாலும் பனியானாலும் முன்னால் கிட்டுசாமி, கூப்பிடு தூரத்தில் பேச்சிமுத்து. கம்பெனியில் இருக்கும்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் சரக்கு லிஃப்டுக்குக் காத்திருக்காமல், படியிலேயே மேல்தளம் வரைக்கும் ஏறிவிடுவார். வந்தது பால்காரர் ஜீப் என்று தெரிந்ததும் இறங்குவார். மறுபடி ஏதாவது சத்தம் கேட்கும். முதலில் தெருமுனை என்றிருந்தது, பிறகு ஆற்றுப்பாலம் என்றானது. நொய்யலில் அன்றைக்கு ஓடிய சாயத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, வெளிநாட்டில் இந்த வருஷம் எந்தக் கலருக்கு ஆர்டர் என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு நிதானமும் வந்துவிட்டது.

ரங்காத்தாள் சும்மா இருக்கவில்லை. மதியத்தில் சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பருப்பும் கீரையும் வைத்தாள். இரவில் ராகிக் களி. பழைய செருப்பைத் தூக்கி வீசிவிட்டு ஷூ வாங்கி வந்து, ராத்திரியில் அவர் உள்ளங்காலைத் தூக்கிப் பிடித்துப் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"என்ன புள்ள, காலையும் செக்கிங் பண்றயா?"

"டாக்டரம்மா பாக்கச் சொன்னாங்க. பீஸ்ல ஓட்டை இருந்தா நீங்க உடுவீங்களா?"

"ரிஜெக்ட் பண்ணிப்போடாத சாமி."

"அதெல்லாம் உங்க அம்மா என் தலையில கட்டுனப்பவே பண்ணியிருக்கோணும். இப்பப் பண்ணி என்னத்துக்கு?"

ஆவணி பாதியில் வெள்ளையன் நூற்றுப்பதினைந்து வெட்டினார். புரட்டாசியில் நூற்றைந்து. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதலாளியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "துணியில சுருக்கம் பாத்திருக்கேனுங்க. முதலாளியில சுருக்கம் இப்பத்தானுங்க பாக்கறேன்," என்றார். இந்தத் தடவை காதில் விழும் தூரத்திலேயே சொன்னார்.

இனி அந்த நடையைப் பற்றி. பல்லடம் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர் பொன்னுச்சாமி ஒரு நாள் காலையில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார். கிட்டுசாமி ஓரம் ஒதுங்கி, போய்க்கொள்ளப்பா என்று கையைக் காட்டினார். பஸ் முயன்றது. முடியவில்லை. பேச்சிமுத்து பக்கம் வந்தபோது அவரையாவது முந்தலாம் என்று பொன்னுச்சாமி பார்த்தார், அதுவும் முடியவில்லை. பயணிகளில் இரண்டு பேர் இறங்கி, நடந்துபோனால் நேரத்தோடு ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம் என்று நடக்க ஆரம்பித்தார்கள்.

சாமளாபுரத்தில் விசைத்தறிகள் ஒன்றுக்கு ஒன்று முன்பின்னாக அடித்துக்கொண்டிருந்தன. கிட்டுசாமி அந்தத் தெருவுக்குள் திரும்பியதும், அவர் ஷூ விழும் சத்தத்துக்கு அத்தனை தறியும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. அன்று முழுக்க ஓர் இழைகூட அறுபடவில்லை. தறிக்காரர் தங்கதுரை தெரு முனை வரைக்கும் ஓடி வந்து, "ஏனுங்க, நாளைக்கும் இப்படியே வந்துட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரம் எங்கே இருந்தது? பின்னால் மஞ்சப்பை வந்துகொண்டிருந்தது.

உடுமலைப்பேட்டைக்குப் போனதைச் சொன்னால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான். காற்றே இல்லாத நாள். காற்றாலைகள் அத்தனையும் மரமாக நின்றன. கிட்டுசாமி கடந்து போனார். பின்னாலேயே ஒவ்வொரு இறக்கையாகத் திரும்ப ஆரம்பித்தது. தென்னந்தோப்பில் ஒருவர் இளநீர் வெட்டி நீட்டினார். சர்க்கரை ஏறும், வேண்டாமுங்க என்று கும்பிட்டுவிட்டு, வீட்டில் ரங்காத்தாள் ஊற்றிய கூழ் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அன்றைக்குக் கரண்டு போகவில்லை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி நெருங்க நெருங்க ஊசிப் பயம் எக்சைஸ் பயத்தை முந்தியது. இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டினால் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று கிட்டுசாமி ஒரு காரியம் செய்தார். ஒரு நாள் ராத்திரிக் களியைப் பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளம்பினார். சர்க்கரைக்காரர் யாரும் செய்யக்கூடாத காரியம்.

பல்லடம் ரோட்டில் பாதி தூரத்தில் கை நடுங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. எதிரே வந்த ஒரு லாரி இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் போய்விடலாம் என்று தோன்றியபோதுதான் நிலைமை சரியில்லை என்று உறைத்தது. மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார். பஸ்ஸுக்கே பிடிபடாதவர் முதல் தடவையாகப் பேச்சிமுத்துவிடம் பிடிபட்டார்.

பேச்சிமுத்து மூச்சிரைக்க வந்து, மஞ்சப்பைக்குள் கையை விட்டார்.

"பில்லெல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்குதுங்க," என்றார் கிட்டுசாமி, குழறலாக.

"பில்லைத் தூக்கிக் குப்பையில போடும். வாயைத் தொறவும்வே!"

பையிலிருந்து வந்தது நோட்டீஸ் இல்லை, குளுக்கோஸ் பொட்டலம். தண்ணீர் பாட்டிலும் இருந்தது. பொடியைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு பிஸ்கட்டையும் தின்ன வைத்து, நடுக்கம் நிற்கும் வரைக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரை கொடுக்கிறாரே, இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கிட்டுசாமிக்குப் புரியவில்லை. ஆனால் லாரிகள் ஒன்றொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

"சர்க்கரை சட்டுனு எறங்கிட்டா இப்படித்தான் வரும். அதுக்குத்தான் பையோட அலையுதேன்," என்றார் பேச்சிமுத்து. "எதுக்குவே என்னைக் கண்டா இப்படி ஓடுதீரு? எனக்கும் சுகருதான். அவருகூட எக்சர்சைஸ் பண்ணுங்க, பேச்சுத் துணைக்கும் ஆச்சுன்னு டாக்டரம்மாதான் அனுப்பினாவ. துணைக்கு வந்தவனை ஆடி மாசத்திலேருந்து நாய் விரட்டுத மாதிரி விரட்டுதீரே!"

"நானா விரட்டறேன்? நீங்கதானுங்க..." கிட்டுசாமி நிறுத்தினார். "என்ன பண்ணச் சொன்னாங்க?"

"எக்சர்சைஸ்."

"ஒருக்கா மெதுவாச் சொல்லுங்க."

"எக்-சர்-சைஸ்."

கிட்டுசாமி அந்தச் சொல்லை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு நடுவுல ரெண்டு எழுத்து வரவே இல்லீங்க," என்றார்.

பேச்சிமுத்து சிரித்த சிரிப்பில் புளியமரத்திலிருந்த காக்கைகள் எழும்பி உடுமலை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பின.

மறுநாள் விடிந்தது. கிட்டுசாமி கண் விழித்தார், உடம்பு எழவில்லை. துரத்த ஆள் இல்லை என்று கால்களுக்கும் தெரிந்துவிட்டது. போர்வை கதகதப்பாக இருந்தது. ஒரு நாள்தானே என்றது மனசு. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் பிரிஜ்ஜைத் திறந்தார். கதவில் அந்தக் காலி இடம். ரங்காத்தாள் எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றார், காலுக்கு ஷூவை மாட்டினார், போனார்.

பஸ்ஸை முந்தியதெல்லாம் ஒன்றும் பெரிதில்லை. பயந்தவன் யாரும் ஓடுவான். யாரும் விரட்டாத காலையில், கதகதப்பான போர்வையைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய உடம்பு தானாக எழுந்து வாசலைத் தாண்டியதே, அதற்குத்தான் மாலை போட வேண்டும். அன்றைக்குப் போட்டவர் யாரும் இல்லை. கரண்டு கம்பத்தடியில் பேச்சிமுத்து மட்டும், "வாரும்வே, எக்சைஸுக்கு நேரமாச்சு," என்றார். இருவரும் ஊர்ப் பழமை பேசிக்கொண்டு பக்கம் பக்கமாக நடந்தார்கள். மறுநாளும் நடந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டெஸ்ட். நர்ஸ் ஊசியோடு வந்தபோது கிட்டுசாமி கண்ணை மூடினார், ரங்காத்தாள் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் விழவில்லை. டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார். தராசில் ஏறி நிற்கச் சொன்னார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.

"ஊசி, டாக்டரம்மா?"

"இப்ப வேண்டாமுங்க."

கிட்டுசாமி டாக்டரம்மாவை மறுபடி கையெடுத்துக் கும்பிட்டார். ரங்காத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மாத்திரையில ஒண்ணைக் குறைக்கிறேன். மீதியை நிறுத்தப்படாது," என்றார் டாக்டரம்மா. "நடையை விட்டா வந்த வழியே திரும்பி ஏறீரும். தீபாவளி நோம்பியாட்ட வந்துட்டுப் போறதில்லைங்க இது. பல்லு வெளக்கறாப்பல, தினமும்."

"ஞாயித்துக்கிழமையுமுங்களே," என்றார் கிட்டுசாமி.

வெள்ளையன் தீபாவளிக்கு அவருக்குக் கடைச் சரக்கிலேயே நூறு சைஸ் பனியன் எடுத்துக் கொடுத்தார். அது தொப்புளைத் தாண்டியும் இறங்கியது. சந்தேகம் உள்ளவர்கள் டிரைவர் பொன்னுச்சாமியைக் கேட்கலாம், சாமளாபுரத்தில் தங்கதுரையைக் கேட்கலாம்.

ஆனால் சூடத்தை அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளது இதுதான்: அந்த மூன்று மாதமும் கிட்டுசாமி நடந்தது முழுக்கத் தன் வீட்டு மொட்டை மாடியில். கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் நடந்து முடிக்கும் வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தவள் ரங்காத்தாள்.